மீன் தலை யார் பக்கம்

இருபத்து நான்கு பிஸ்கட்டுகள் ஒரே நேரத்தில் நொறுங்கினால் என்ன சத்தம் வரும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கலாம். சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனின் நடுவே இருக்கும் பூங்காவில், ஒரு மர பெஞ்சில், தொண்ணூற்று நாலு கிலோ எடையோடு நான் அவற்றின் மேல் உட்கார்ந்தேன். பிங்க் நிற அட்டைப் பெட்டியை அந்த பெஞ்சில் வைத்ததும் நான்தான். இரண்டு நிமிடம் கழித்து அதன் மேல் உட்கார்ந்ததும் நான்தான். நடுவில் யாரும் வராததால் பழி போட ஆளில்லை.

நடந்தது இதுதான். தெருவின் எதிர்ப்பக்கம் இருந்த சூட்கேஸ் கடையிலிருந்து என் நண்பன் ஷைன், இடுப்புயரச் சிவப்பு சூட்கேஸ்கள் இரண்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். அதைப் படம் எடுத்து, 'மாப்பிள்ளைக்குச் சீர் வரிசை வந்தாச்சு' என்று எழுதி வாட்ஸ்ஆப்பில் போடலாம் என்று எனக்கு அரிப்பு. ஷைனும் இரண்டு சூட்கேஸும் ஒரே படத்துக்குள் அடங்க வேண்டுமே என்று பின்னால் நகர்ந்தேன். இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். முழங்காலுக்குப் பின்னால் பெஞ்ச் இடித்தது.

பக்கத்தில் பழைய அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மேசையாக்கிச் சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு சீனப் பெண்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஒருவர் ஏதோ சொன்னார். மற்ற மூவரும் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்குச் சீன மொழி தெரியாது. ஆனால் என் உடம்பைப் பற்றி எந்த மொழியில் பேசினாலும் புரிந்துவிடும்.

எழுந்து பெட்டியைப் பார்த்தேன். பெட்டி என்று இனிமேல் சொல்ல முடியாது. கோவிலில் காணிக்கை எடுக்கும் தட்டு மாதிரி ஆகியிருந்தது. கிருபாவின் முகம் கண்முன் வந்தது. என் மனைவி கிருபாராணி அதிகம் கோபப்படமாட்டாள். "பரவாயில்ல அத்தான்" என்பாள். அதற்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள்தான் ரசீதை என் கையில் கொடுத்தாள். "சந்துக்குள்ள பிஸ்கட் கடை இருக்குல்லா, அங்க கட்டி வெச்சிருப்பாங்க. வாங்கிட்டு மட்டும் வாங்க. பிரிக்கக் கூடாது. ஃபெல்லோஷிப்புக்கு" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு?"

"அரை கூடக் கிடையாது."

உள்ளே காகிதத் துண்டு வைத்து மடித்த பிஸ்கட். சைனீஸ் ரெஸ்டாரண்டில் பில்லோடு தருவார்களே, உடைத்தால் 'விரைவில் நீண்ட பயணம் போவீர்கள்' என்று இருக்குமே, அதே வகை. இந்தச் சந்துக்கடையில் மட்டும் நாம் எழுதிக் கொடுப்பதையும் உள்ளே வைத்துத் தருவார்கள். எங்கள் ஜெபக் கூட்டமான ஃபெல்லோஷிப்பில் வேத வசனம் போட்டுக் கொடுக்கப் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அவளும் ஷைனின் மனைவி ஜெபினாவும் என் மகள் ஜோவானாவும் ரெஸ்டாரண்டில் பெயர் கொடுத்து வரிசையில் நிற்கப் போயிருந்தார்கள். ஷைனின் மகன் காலேப் மட்டும் கோடை முகாமுக்குப் போயிருந்ததால் இந்தத் தடவை வரவில்லை. சனிக்கிழமை மதியம் அங்கே இடம் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகும்.

நாங்கள் இங்கே வருவது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நானும் ஷைனும் நாகர்கோவில்காரர்கள். ஒரே கல்லூரி, ஒரே கம்பெனி, ஒரே விமானம். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம் இங்கே வந்து இறங்கினோம். முதல் வாரம் ஃப்ரீமான்ட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் மீன் துண்டாகத்தான் கிடைத்தது. வெள்ளையாக, முள் இல்லாமல், சோப்புக் கட்டி மாதிரி. அமெரிக்காவில் மீனுக்குத் தலையே முளைக்காது என்று ஷைன் முடிவு கட்டிவிட்டான். மீன் தலை இல்லாமல் வளர்ந்த நாகர்கோவில்காரன் உண்டா? சனிக்கிழமை ரயிலேறி, யாரோ சொன்னார்கள் என்று சைனாடவுன் வந்தோம். ஒரு கடை வாசலில், ஐஸ் மேல், தலையோடு, கண்ணோடு, எங்களையே பார்த்தபடி வரிசையாக மீன்கள். ஷைன் தெருவிலேயே நின்று, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றான். 

அன்றைக்குப் பக்கத்து ரெஸ்டாரண்டில் நுழைந்து முழு மீன் ஒன்று கேட்டோம். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு அவித்துக் கொண்டுவந்தார்கள். தட்டை வைத்த வெயிட்ரஸ் அம்மாள், மீன் தலை யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவர்கள் வழக்கத்தில், தலை யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் அன்றைய விருந்தாளி. மரியாதைக்குரியவர் முதலில் கை வைக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டினோம். அந்த அம்மாள் சிரித்துவிட்டுத் தலையை ஷைன் பக்கம் திருப்பினார். அடுத்த வருடம் என் முறை என்று அங்கேயே ஒப்பந்தம் ஆனது. அதிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் வருகிறோம். கல்யாணம் ஆகி மனைவிகளும் வந்தார்கள், பிள்ளைகளும் வந்தார்கள். தலை ஒரு வருடம் அவனுக்கு, ஒரு வருடம் எனக்கு. இந்த வருடம் எனக்கு.

சரி, பெஞ்சுக்கு வருகிறேன்.

எதிர்ப்பக்கம் ஷைன் இரண்டு சூட்கேஸையும் வாசலில் நிறுத்திவிட்டு, மூன்றாவதைப் பார்க்க மறுபடியும் கடைக்குள் போனான். அதற்குள் சேதத்தைக் கணக்கெடுக்கலாம் என்று நூலை அவிழ்த்தேன். முழுசாக ஒன்றாவது தேறும் என்ற நம்பிக்கை. தேறவில்லை. தூளுக்கு நடுவே காகிதத் துண்டுகள் மட்டும் கசங்காமல் இருந்தன. என்ன வசனம் போட்டிருக்கிறாள் என்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

'ஆஸ்டினிலும் ஆண்டவர் உங்களோடு இருப்பார். செல்வராஜ் அங்கிள், பேபி ஆன்ட்டி.'

ஆஸ்டினுக்கு யார் போகிறார்கள்? வேறு யாருடைய ஆர்டரோ மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் செல்வராஜ் அங்கிள் எங்கள் ஃபெல்லோஷிப் தலைவர். சீனர்களுக்கு அவர் எதற்கு எழுதித் தரப் போகிறார்?

இரண்டாவதை எடுத்தேன். 'ஷைன், ஜெபினா, காலேப், டெக்ஸாஸ் வெயிலுக்கு எங்கள் வாழ்த்துகள்.' மூன்றாவது. 'புது வீட்டுக்குக் கட்டாயம் வருவோம்.' நான்காவது, ஐந்தாவது. ஷைன் வீட்டைக் கழித்தால் ஃபெல்லோஷிப்பில் இருபத்து நான்கு குடும்பம். ஆளுக்கு ஒரு துண்டு. இருபத்து மூன்று குடும்பத்துக்கும் தெரிந்திருந்தது.

அப்படியானால் இருபத்து நான்காவது? தூளைக் கிளறி அதையும் கண்டுபிடித்தேன்.

'மக்கா, போயிட்டு வா. நீ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். ஜெபதாஸ், கிருபா, ஜோவானா.'

ஜெபதாஸ் என்பது நான். எனக்குத் தெரியாமல், என் நண்பனை, நானே வழியனுப்பி வைத்திருந்தேன். அதில் ஒரு ஜோக் கூட இல்லை. அது நான் எழுதியதில்லை என்பதற்கு அது ஒன்றே போதும்.

சீட்டாடிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் எழுந்து வந்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் நீட்டினார். தூளைக் கொட்டிக் கட்டிக்கொள்ளச் சைகை செய்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. பிஸ்கட்டுக்காக ஒருவன் இவ்வளவு வருத்தப்படுவானா என்று நினைத்திருப்பார்.

தூளைப் பையில் கொட்டினேன். காகிதங்களைச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை பார்த்து உட்கார்ந்தேன்.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, கார். நானும் ஷைனும் ஒன்பது வருடமாக ஒரே காரில் வேலைக்குப் போகிறோம். ஒருநாள் என் வண்டி, ஒருநாள் அவன் வண்டி. ஃப்ரீமான்ட்டிலிருந்து பாலத்தைத் தாண்டி ஆபீஸ் போய்ச் சேர ஐம்பது நிமிடம், திரும்ப ஐம்பத்தைந்து. அந்தக் காரில் நாங்கள் பேசாதது எதுவும் இல்லை. அவனுடைய மூலவியாதி வரைக்கும் எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் சியாட்டிலில் அவனுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தபோது அதையும் அந்தக் காரில்தான் சொன்னான். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று கேட்டான். நான், "மக்கா, வருஷம் முழுக்க மழை. உனக்கு முடி கொட்டினதே குளத்துல குளிச்சுத்தான்னு உங்கம்மா சொல்லுவாங்க. மிச்சம் இருக்கிற எட்டு முடியையும் சியாட்டிலுக்குக் காணிக்கையா போடப் போறியா?" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் வண்டி லேன் மாறிவிட்டது. மறுநாள் வேண்டாம் என்று எழுதிவிட்டான். ஒரே ஜோக்கில் ஒரு குடும்பத்தை ஃப்ரீமான்ட்டில் நிறுத்தி வைத்தவன் என்று பார்ட்டிகளில் நானே இதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். அவனும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறான்.

இரண்டாவது, ஜெபம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வராஜ் அங்கிள் வீட்டில் கூடுவோம். பாட்டு, பிரசங்கம் முடிந்து ஜெபக் குறிப்பு கேட்பார்கள். ஒருவருக்கு கிரீன் கார்டு, ஒருவருக்கு முழங்கால் வலி. வெளியே சொல்ல விரும்பாதவர்கள் 'பெயர் சொல்லாத விண்ணப்பம்' என்று கொடுக்கலாம். மார்ச் மாதத்திலிருந்து அப்படி ஒன்று வாரா வாரம் வந்தது. அங்கிள் என்னைப் பார்த்து, "தம்பி ஜெபதாஸ், நீங்கதான் உருக்கமா ஜெபிப்பீங்க. நம்ம சகோதரர் ஒருத்தருக்கு ஒரு காரியம் ஜெயமாகணும்" என்பார். நானும் யாரோ பாவம் என்று கண்ணீரோடு ஜெபித்தேன். "ஆண்டவரே, அடைபட்ட வாசலைத் திறந்தருளும். உம்முடைய பிள்ளைக்குத் தடையாக நிற்கிற மனுஷன் யாராயிருந்தாலும் அவனை வழியிலிருந்து விலக்கிப் போடும்." பக்கத்திலிருந்து ஷைன் சத்தமாக "ஆமென்" என்றான். அதோடு விட்டேனா? அந்த முகம் தெரியாத சகோதரனுக்காக ஆறு புதன்கிழமை மதியச் சாப்பாடு சாப்பிடாமல் உபவாசம் இருந்தேன். தொண்ணூற்று ஆறு கிலோவாக இருந்தவன் தொண்ணூற்று நாலானேன். அந்த இரண்டு கிலோ ஷைனை டெக்ஸாஸுக்கு அனுப்ப உழைத்திருக்கிறது.

ஆண்டவர் என்னுடைய ஜெபத்தை இவ்வளவு சுறுசுறுப்பாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

உட்கார்ந்தபடி ஒரு முடிவுக்கு வந்தேன். நான் கேட்கமாட்டேன். அவனாகச் சொல்ல வேண்டும். ரயிலேறி வீட்டுக்குப் போவதற்குள் அவனே வாயைத் திறந்து 'மக்கா, நான் போறேன்' என்று சொல்லிவிட்டால் போதும், மன்னித்துவிடுவேன். சொல்லாமலே போய்விட்டால், திங்கட்கிழமையிலிருந்து நான் தனியாக வேலைக்குப் போவேன். பதிமூன்று வருடத்தைப் பிஸ்கட் தூளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான்.

ஷைன் மூன்று சூட்கேஸோடு தெருவைக் கடந்து வந்தான். வேர்த்திருந்தது.

"என்னல, பெட்டி எங்க? கிருபா பிஸ்கட் வாங்கச் சொன்னால்லா?" என்றான்.

"வாங்கினேன். கொஞ்சம் சேதாரம்." பையைக் காட்டினேன். அவன் முகம் ஒரு நொடி வெளிறியது. 

"பிரிச்சுப் பாத்தியா?"

"பிரிக்கல. உக்காந்தேன்." அது பாதி உண்மை.

அவன் பையையே பார்த்தான். தூள் மட்டும் தெரிந்தது. காகிதம் எங்கே என்று கேட்க முடியாது, கேட்டால் அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஆகிவிடும். அந்தத் தவிப்பை நான் கொஞ்ச நேரம் ரசித்தேன். ரசித்தேன் என்பது கூடப் பெருமைக்குச் சொல்வது.

"எதுக்குல மூணு சூட்கேஸ்?" என்று கேட்டேன். முதல் வாய்ப்பு.

"பழசுக்குச் சக்கரம் போயிட்டு."

"மூணுக்குமா?"

"ம்." என்று சொல்லிவிட்டு மேட்டில் சூட்கேஸை இழுக்கத் தொடங்கினான். ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். அவன் என்னை விட்டுப் போவதற்கான சூட்கேஸை, அந்தச் செங்குத்து ரோட்டில், மூச்சு வாங்க நானே இழுத்துக் கொடுத்தேன். வழியில் காய்கறிக் கடைகள், தொங்கும் வாத்துகள், சிவப்பு விளக்குக் கூண்டுகள். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருப்பேன். இன்று வாத்துகள் தப்பித்தன.

ரெஸ்டாரண்டில் வட்ட மேசை கிடைத்திருந்தது. நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. கிருபா என் கையிலிருந்த பையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். 

"அத்தான், பெட்டி?"

"உக்காந்துட்டேன்."

"பரவாயில்ல" என்றாள். குரல் அப்படிச் சொல்லவில்லை. ஜெபினா அவளைப் பார்த்தாள். கிருபா ஷைனைப் பார்த்தாள். ஷைன் மெனுவைப் பார்த்தான், பதிமூன்று வருடமாக ஒரே மீனைச் சொல்கிறவன்.

"டிசம்பர்ல ஊருக்குப் போக இப்பவே டிக்கெட் போட்டுருவோமா? போன தடவை மாதிரி ஒண்ணா போயிட்டு ஒண்ணா வருவோம்" என்றேன். இரண்டாவது வாய்ப்பு.

"பாப்போம் மக்கா. இன்னும் நாள் கிடக்குல்லா" என்றான்.

"அண்ணே, டீ ஊத்தட்டுமா?" என்று ஜெபினா கேட்டாள். என் கோப்பை நிறைந்திருந்தது. இருந்தும் ஊற்றினாள். வழிந்தது.

"திங்கக்கிழமை யாரு வண்டி?"

"என் வண்டி" என்றான் ஷைன். இதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

"அடுத்த மாசம் திங்கக்கிழமை?"

பதினொரு வயது ஜோவானா மட்டும் கண்ணை உருட்டிக்கொண்டு, "ஓ மை காட்" என்று முனகினாள். அவளுக்கும் தெரியும்! வீட்டில் நாய் வளர்க்காதது நல்லதாகப் போயிற்று. அதற்கும் தெரிந்திருக்கும்.

மீன் வந்தது. அதே வெயிட்ரஸ் அம்மாள், இப்போது முடி முழுக்க நரைத்துவிட்டது. எங்களை இன்னமும் 'டூ பாய்ஸ்' என்றுதான் கூப்பிடுவார். இந்த வருடம் யார் முறை என்பது எங்களைவிட அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தட்டை வைத்து, தலையை என் பக்கம் திருப்பி, "யூ" என்றார். கிருபா வழக்கம்போல் கைப்பையிலிருந்து மிளகாய்ப் பொடி டப்பாவை எடுத்தாள். இஞ்சி வாசனை எழுந்தது. மீன் வெள்ளைக் கண்ணோடு என்னைப் பார்த்தது. இந்த மேசையில் என்னை நேருக்கு நேர் பார்த்தது அது ஒன்றுதான்.

நான் கண்ணாடித் தட்டைச் சுற்றினேன். மீன் மெதுவாக நகர்ந்து, ஜோவானாவைக் கடந்து, ஜெபினாவைக் கடந்து, ஷைன் முன்னால் போய் நின்றது. தலை அவனைப் பார்த்தது.

"என்னல? இந்த வருஷம் உன் டர்ன்" என்றான்.

"தலை விருந்தாளிக்கு. நான் இங்கேயேதானே இருக்கப் போறேன். இனிமே நீதான விருந்தாளி."

சட்டைப் பையிலிருந்து காகிதத் துண்டுகளை எடுத்து, இருபத்து மூன்றையும் கண்ணாடித் தட்டில் மீனைச் சுற்றி வைத்தேன். என் பெயர் போட்டதை மட்டும் அவன் கையில் கொடுத்தேன்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கேன், இல்ல? எனக்கே அழுக வந்துட்டு" என்றேன்.

கிருபா டப்பாவைக் கீழே வைத்தாள். "அத்தான், அவரு இன்னைக்குச் சொல்றேன்னுதான் சொன்னாரு. சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன்னு. நான் எத்தனை தடவ சொன்னேன் தெரியுமா அவருகிட்ட."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச்லயே. ஜெபினா ஜெபக் குறிப்பா சொன்னா. ஜெபக் குறிப்ப வெளிய சொல்லக் கூடாதுல்லா?"

"நான் வெளியாளா கிருபா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைத் திட்டவும் முடியவில்லை. வாரா வாரம் நான் கண்ணீரோடு ஜெபித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள். அதற்கும் ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

"டாட், யூ கான்ட் கீப் அ சீக்ரெட்" என்றாள் ஜோவானா. "ஸ்ம்ருதி ஆன்ட்டிக்கு பேபி வரப்போகுதுன்னு அவங்க ஹஸ்பண்டுக்கே நீங்கதான் ஃபர்ஸ்ட் சொன்னீங்க."

அது உண்மைதான். அதைப் பற்றி இப்போது பேச வேண்டியதில்லை.

"அண்ணே, காலேப்புக்கு மிடில் ஸ்கூல் வருது. அங்க வீடு பெருசு, ஸ்கூல் நல்லாருக்கு. எங்கக்காவும் அங்கதான் இருக்கா" என்றாள் ஜெபினா. 

"அதெல்லாம் ஏன் போறீங்கங்கறதுக்குப் பதில்மா. நான் அதக் கேக்கல. போறவன் போகட்டும். நல்லா இருக்கட்டும். அதான் நானே எழுதிக் கொடுத்திருக்கேனே." ஷைன் பக்கம் திரும்பினேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாத இடத்திலிருந்து வந்தது. "வாரத்துல மூணு நாள். ஒவ்வொரு நாளும் நூறு நிமிஷம். மார்ச்லருந்து என் பக்கத்துல உக்காந்து வந்திருக்க. பாலத்து மேல டிராஃபிக்ல நின்னப்பல்லாம் மெயில் பாத்துட்டிருந்தியே, அது இதுதானா? நான் உபவாசம் இருந்தப்ப, 'மக்கா, டயட்டா?'ன்னு கேட்டியே. நான் ஜெபிச்சேன், நீ ஆமென்னு சொன்ன. எப்படில சொன்ன? இருபத்து மூணு குடும்பத்துக்குத் தெரியும். எம்மவளுக்குத் தெரியும். ஏன்ல என்கிட்ட மட்டும் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான்.

"அது பதில் இல்ல."

"நேரம் வாய்க்கல."

"ஒன்பது வருஷமா ஒரே கார்ல. நேரமா வாய்க்கல?"

"ஆஃபர் உறுதியாகட்டும்னு பாத்தேன்..."

"செல்வராஜ் அங்கிளுக்கு உறுதியாகறதுக்கு முன்னாலயே தெரியும்."

அவன் கையிலிருந்த காகிதத்தைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். வெயிட்ரஸ் அம்மாள் சோற்றைக் கொண்டுவந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வைத்துவிட்டு விலகினார். மீன் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு ஒரு ஜோக் வந்தது. டெக்ஸாஸ் வெயிலையும் மிச்சமிருக்கும் அவனுடைய முடியையும் பற்றி. நல்ல ஜோக். என் நாக்கு நுனியில் வந்து, கதவைத் திற என்று நின்றது. சொன்னால் ஷைன் சிரிப்பான், ஜெபினா சிரிப்பாள், கிருபா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிளகாய்ப் பொடியைத் தூவுவாள், எல்லாரும் சாப்பிடுவோம், ரயிலேறுவோம். யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. ஷைனும் அதற்காகவே காத்திருந்தான். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பதிமூன்று வருடமாக அவனை எந்தச் சங்கடத்திலிருந்தும் நான் அப்படித்தான் தூக்கி விட்டிருக்கிறேன்.

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜோவானா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

ஜோக் வராது என்று ஷைனுக்குப் புரிந்தது. காகிதத்தை மேசையில் வைத்து நீவி விட்டான்.

"உள்ளதச் சொல்லட்டா?" என்றான்.

"சொல்லு."

"சியாட்டில் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ அன்னைக்கு ஜோக் அடிச்ச. நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு வீட்டுக்குப் போய் வேண்டாம்னு எழுதிட்டேன். நீ அந்தக் கதைய எத்தனையோ பார்ட்டில சொல்லியிருக்க, ஒவ்வொரு தடவயும் நானும் நின்னு சிரிச்சிருக்கேன். ஆனா வீட்டுக்குப் போய் ஒரு நாளும் சிரிச்சதில்ல மக்கா. எனக்கு அந்த வேல வேணும்னு இருந்துச்சு. உன்மேல தப்பில்ல. நீ ஒரு வார்த்த சொல்லிச் சிரிக்க வெச்சிட்டேன்னா எனக்கு உன்ன விட்டு எங்கேயும் போகத் தோணாது, அதான் என் வியாதி. இந்தத் தடவ எனக்குப் போகணும். அதனாலதான் ஊர்ல உள்ள எல்லார்கிட்டயும் சொன்னேன், கையெழுத்துப் போடற வரைக்கும் உன்கிட்ட மட்டும் சொல்லல. நீ வெளிய சொல்லிருவேன்னு இல்லல. நீ சொல்லி நான் நின்னுருவேன்னு பயந்துதான்."